ஐந்தாம் ஸ்தலம்

கழுதை வந்ததும் மைதானத்தில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஜெசிந்தா எழவில்லை. எழுந்தால் திரும்ப உட்கார வேண்டும், அந்த இரண்டு வேலைக்கும் இன்றைக்கு உடம்பில் தெம்பில்லை. நேற்று ராத்திரி கோயிலில் உயிர்ப்புத் திருவிழிப்பு, காலையில் கறிக்கடை, மத்தியானம் சமையல், பாத்திரம், பிறகு பொன்மலையிலிருந்து பஸ் பிடித்துத் தம்பி வீடு, அங்கிருந்து மூன்று பேருமாக ஆட்டோவில் இந்தப் பள்ளிக்கூட மைதானம். வாசலில் ஈஸ்டர் பாஸ்கா நாடகம், அனைவரும் வருக, அனுமதி இலவசம் என்று பேனர் கட்டியிருந்தார்கள். இலவசம் என்ற எழுத்து மட்டும் சிவப்பு. வெயில் இறங்கிய பிறகும் தரை சூட்டை விடவில்லை, செருப்பைத் தாண்டிப் பாதத்தில் ஏறியது. முன்னால் நிற்பவர்களின் முதுகுகளுக்கு நடுவே கழுதையின் ஒரு காது தெரிந்தது, பிறகு குருத்தோலை, பிறகு இயேசுவாக நடிப்பவரின் வெள்ளை அங்கியும் அதிலிருந்து நீண்ட ஒரு கையும். ஓசன்னா என்று ஸ்பீக்கர் பாடியது. கழுதை நடுவழியில் நின்றுவிட்டது போல, சிரிப்புச் சத்தம் கேட்டது, யாரோ பின்னாலிருந்து தள்ளினார்கள். பாவம், எங்கேயோ மூட்டை சுமந்துகொண்டிருந்ததைக் கூட்டிவந்து இத்தனை ஜனத்துக்கு நடுவில் விட்டால் அது நிற்கத்தான் செய்யும். அதற்கு ராஜாவும் தெரியாது, எருசலேமும் தெரியாது. முதுகில் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவுதான் தெரியும். முன்வரிசை உட்கார, அடுத்த வரிசை உட்கார, பிளாஸ்டிக் நாற்காலிகள் மழைபோலச் சடசடத்து அடங்கின. நாளைக்குத் திங்கட்கிழமை. சத்தம் அடங்கின உடனே அதுதான் வந்து உட்காருகிறது. நாளைக்குத் திங்கட்கிழமை.

நடுவில் அவள், வலதுபக்கம் தம்பி லியோ, இடதுபக்கம் அவன் மனைவி பவுலின். நடுவில் உட்காரவைத்தது பவுலின்தான். நீங்க இங்க உக்காருங்க அண்ணி, இங்கேருந்துதான் நல்லாத் தெரியும் என்று கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துக்கூடக் கொடுத்தாள். துடைக்க அதில் ஒன்றுமில்லை. இந்தத் துடைப்பெல்லாம் புதுசு. பரிசோதனை முடிவு வந்த அன்றைக்கு ஆரம்பித்தது. அன்றைக்குத் தம்பி வீட்டுக்குப் போனபோது பவுலின் டீயை சாசரில் வைத்துக் கொண்டுவந்தாள். இத்தனை வருஷத்தில் அந்த வீட்டில் ஜெசிந்தா டம்ளரில்தான் குடித்திருக்கிறாள், அதுவும் தானே அடுப்படியில் போய் ஊற்றிக்கொண்டு. சாசர் அந்த வீட்டில் இருந்ததே அவளுக்குத் தெரியாது. பூப்போட்ட சாசர், ஓரத்தில் பொன்நிறக் கோடு, கோடு பாதி அழிந்திருந்தது. அதைப் பார்த்ததும் டீ இறங்கவில்லை. என்னவோ பெண்பார்க்க வந்த வீட்டில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. பவுலின் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. ரத்தம் பொருந்துதாம், மற்றதெல்லாம் பொருந்துதாம், டாக்டரம்மா சொன்னாங்க என்று லியோதான் சொன்னான், அதையும் ஜன்னல் பக்கம் பார்த்துச் சொன்னான். பவுலின் முதலில் தன் கிட்னியைக் கொடுக்கிறேன் என்று போனவள், அவள் ரத்தம் சேரவில்லை. அப்புறம் ஜெசிந்தாதான் நானும் பார்க்கட்டுமா என்று கேட்டாள். கேட்டபோது பொருந்தும் என்று நினைக்கவில்லை. நினைக்கவில்லையா, நினைத்தாளா, இப்போது யோசித்தால் அதுவும் சரியாகத் தெரியவில்லை. அக்கா ஒருத்தி இருக்கிறாள், கேட்காமல் எப்படி இருப்பது. சாசர் எடுத்துவந்த கையைப் பார்த்தாள், ஊசிநூல் பிடித்துப் பிடித்து விரல்நுனி காய்த்துப்போன கை, கப் சாசரில் டிணிங் டிணிங் என்று தட்டியது.

மேடையில் இராப்போஜன விருந்து. நீள மேசை, சீடர்கள் எல்லோரும் ஒரே பக்கமாக உட்கார்ந்திருந்தார்கள், ஒட்டுத்தாடிகள் மின்விசிறிக் காற்றில் ஒரு பக்கமாகப் பறந்தன. வசனமெல்லாம் முன்பே பதிவு செய்தது, நடிப்பவர்கள் வாயை மட்டும் அசைப்பார்கள். வாய் முன்னே போகும், குரல் பின்னே வரும். இது என் உடல் என்று சொல்லி அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தார். எத்தனை பூசையில் கேட்டிருக்கிறாள், ஒருநாளும் இப்படி வயிற்றில் போய் விழுந்ததில்லை. உடல் என்றால் உடல்தான், கொஞ்சம் ஈரமாக, கொஞ்சம் சூடாக, மேலே சவ்வு போர்த்தி. இன்று காலையில் கறிக்கடையில் பாய் வழக்கம்போலக் கொசுறாக ஒரு குண்டிக்காயை எடுத்துத் தட்டில் போட்டார், பெரிய அவரைவிதை மாதிரி வழவழவென்று, பண்டிகை நாள், வச்சுக்கங்கம்மா என்றார். வருஷக்கணக்காகப் போடுகிறார், வருஷக்கணக்காக அவளும் மிளகு தூக்கலாகப் போட்டு வதக்கிப் புருஷன் ஸ்தனிஸ்லாஸுக்கு வைப்பாள், அவருக்கு அது ரொம்பப் பிடிக்கும். இன்றைக்கு வீட்டுக்கு வந்து கழுவும்போது அது உள்ளங்கையில் அப்படியே அடங்கியது. மனுஷக் கிட்னியும் மூடிய கையளவுதான் இருக்கும் என்று டாக்டரம்மா தன் கையை மூடிக் காட்டியது நினைவு வந்தது. பின்வாசலில் பூனைக்குப் போட்டுவிட்டாள். சாப்பிடும்போது அவர் தட்டைத் துழாவிவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. இந்த வீட்டிலும் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. ரயில்வே பணிமனையிலிருந்து ஓய்வு பெற்றபிறகு பேச்சே குறைந்துபோன மனுஷர். விஷயத்தைச் சொன்ன அன்றைக்கு, உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உன் இஷ்டம் என்றால் சரி என்றா, வேண்டாம் என்றா. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் பதில் சொல்ல வேண்டும், புருஷனும் வந்து சம்மதம் சொல்ல வேண்டும் என்கிறார்கள். அந்த முதுகிடம் போய் எப்படிச் சம்மதம் கேட்பது. முதுகு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தூங்கவில்லை என்று தெரிந்தது, இவளும் பேசவில்லை. பயம் அவருக்கும்தான் இருக்கும். இவள் படுத்துவிட்டால் சோறு யார், துணி யார், இவள் இல்லாமலே போனால். இல்லாமலே போனால் என்ற இடத்தில் மனசு ஒரு தடவை நின்று, கழுதை மாதிரி, நகராமல் நின்று, யாரோ தள்ளி, மறுபடி நடந்தது.

இடது பக்கத்திலிருந்துதான் எடுப்பார்களாம். கையை அங்கே வைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வைத்தாள். சேலைக்கு உள்ளே, சதைக்கு உள்ளே, எங்கேயோ ஒன்று பேசாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் அது இருக்கிறதா என்று அவள் நினைத்ததே இல்லை. லியோவை இடுப்பில் சுமந்ததும் இந்தப் பக்கம்தான், வலதுகை வேலைக்கு வேண்டும் என்பதால். அம்மா மில்லுக்குப் போய்விடுவாள், இவன் இடுப்பிலேயே இருப்பான், கனமான பிள்ளை, இறக்கிவிட்டால் அலறுவான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் உனக்கு இடுப்பு கோணிப்போச்சு என்று கேலி செய்யும். அந்தக் கனம்தான் இப்போது வலதுபக்க நாற்காலியில் காற்றடித்தால் சாய்ந்துவிடுவது போல உட்கார்ந்திருக்கிறது. பள்ளிக்கூட டிரில் மாஸ்டர், ஒரு விசில் அடித்தால் மைதானமே நிற்கும். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடுகிறது, இடதுகையில் ஊசி குத்திக்குத்தி நரம்பு கயிறாகப் புடைத்திருக்கிறது. போன மழைக்காலத்தில் கால் வீங்கியது, செருப்பு மாட்டவில்லை என்று சிரித்துக்கொண்டேதான் டாக்டரிடம் போனான். இன்றைக்கு வரவேண்டாம், நேற்றுத்தான் டயாலிசிஸ் முடிந்தது, ஓய்வெடு என்று பவுலின் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. இந்த நாடகத்தில் வருஷா வருஷம் ரோமானியச் சேவகனாக வேஷம் போட்டவன், போகாமல் இருக்க முடியாது என்றான். அவள் டீச்சராக இருக்கும் அங்கன்வாடியில் ஒரு குழந்தை இருக்கிறது, சுமித்ரா என்று, மடியில் ஏறி உட்கார்ந்தால் மத்தியானம் வரை இறங்காது. அறுத்த பிறகு கொஞ்ச மாசத்துக்குக் கனம் தூக்கக் கூடாது என்கிறார்கள். அதற்கு எப்படிச் சொல்வது, டீச்சருக்கு உள்ளே ஒன்று குறைகிறது, ஏறாதே என்று. இதெல்லாம் ஒரு யோசனையா. வெட்டப்போகிறார்கள் என்கிற பெரிய விஷயத்தை விட்டுவிட்டு மனசு இப்படிச் சின்னச் சின்னதாகப் பொறுக்குகிறது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளும்போது மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக ஓடுமாமே, அப்போது மூக்குத்தியைக் கழற்றிவிடுவார்களாமே, திருகாணி இறுகிப்போயிருக்கிறது, கழலாது.

விளக்கை அணைத்து நீலவெளிச்சம் போட்டார்கள். கெத்சமனித் தோட்டம், தொட்டியில் வைத்த குரோட்டன்ஸ் செடிகள். சீடர்கள் மூன்று பேர் உடனே படுத்துத் தூங்கினார்கள், அதில் ஒருவர் நிஜமாகவே வசதியாகக் கையைத் தலைக்கு வைத்துக்கொண்டார். இயேசு பாறைமேல் கைகூப்பி, முடிந்தால் இது என்னை விட்டுப் போகட்டும் என்று கேட்டார். அவரே கேட்டாரே. கடவுளின் மகனுக்கே அப்படி ஒரு ராத்திரி இருந்ததே. பத்து நாளாக இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். ஆனால் அவருக்கு மேலேயிருந்து பதில் வரவில்லை, இவளுக்கு வந்துவிட்டது, அதுதான் கஷ்டம். முடிவு சொன்ன அன்றைக்கு டாக்டரம்மா மற்றவர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு இவளை மட்டும் உட்காரவைத்தார். மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை உருட்டிக்கொண்டே, பயப்படாமக் கேளுங்கம்மா, உங்களுக்கு மனசு இல்லேன்னா என்கிட்ட மட்டும் சொல்லுங்க, உங்க உடம்பு தாங்காதுன்னு நானே அவங்ககிட்ட சொல்லிடுறேன், யாருக்கும் தெரியாது என்றார். யாருக்கும் தெரியாது. நல்ல மனுஷி, நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால் வரை ஒரே வழிதான் இருந்தது, பயந்துகொண்டே அதில் நடந்திருப்பாள். இப்போது பக்கச்சுவரில் ஒரு கதவு திறந்திருக்கிறது. போகும்போதும் வரும்போதும் அந்தக் கதவு. சாம்பார் தாளிக்கும்போது அந்தக் கதவு. பிள்ளைகளுக்குச் சத்துமாவு கிண்டும்போது, யாருக்கும் தெரியாது. பவுலின் அழுவாள், அழுதுவிட்டு, உங்க உடம்பு முக்கியம் அண்ணி என்பாள், சாசரை மறுபடி உள்ளே வைத்துவிடுவாள். லியோ பரவாயில்லைக்கா என்பான். ஸ்தனிஸ்லாஸ் திரும்பிப் படுப்பார், இந்தப் பக்கம். யாருக்கும் தெரியாது என்றால் தனக்குமா தெரியாது. மேடையில் யூதாஸ் தீப்பந்தங்களோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். அவள் தோளில் ஏதோ வந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பவுலினின் தலை. வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டாள்.

ஆஸ்பத்திரி பெஞ்சிலும் இவள் இப்படித்தான் தூங்குவாளாம், பஸ்ஸிலும், தையல் மிஷினில் தலைவைத்தும். வாரத்தில் மூன்று தடவை விடிகாலையில் அவனைக் கூட்டிக்கொண்டு போய், அங்கேயே கிடந்து, வந்து ரவிக்கை தைத்து, அவனுக்கு உப்பில்லாமல் ஒரு சமையல், தனக்கு ஒரு சமையல். காலையில் ஒரு சின்ன பாட்டிலில் அன்றைய தண்ணீரை அளந்து ஊற்றிவைப்பாள், அதற்கு மேல் ஒரு சொட்டு கூடாது, குடித்தால் நெஞ்சில் ஏறிவிடும். இந்த வெயிலில் ஒரு மனுஷனுக்குத் தண்ணீரை அளந்து கொடுப்பதென்றால், கொடுக்கிற கைக்கும் எப்படி இருக்கும். தலை கனத்தது. கூந்தலில் மல்லிகை வாடின வாசமும் மிஷின் எண்ணெய் வாசமும். நகர்ந்தால் எழுந்துவிடுவாள். ஜெசிந்தா நகரவில்லை. பேதுரு மறுதலித்தார், சேவல் கூவியது, பிலாத்து பித்தளைத் தாம்பாளத்தில் கைகழுவினார், சுத்தமாகத்தான் கழுவினார், துண்டுகூட வைத்திருந்தார்கள். சாட்டையடி வந்தபோது பின்னால் பெண்கள் விசும்பினார்கள். இவளுக்கு அழுகை வரவில்லை. இடதுதோள் மரத்துப்போனது, ஒரு கொசு காதருகே பாடிக்கொண்டே இருந்தது, எல்லாம் எங்கேயோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. கூட்டத்துக்கு நடுவே கயிறுகட்டி ஒதுக்கியிருந்த பாதையில் சிலுவையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இவர்கள் இருந்த வரிசைக்குப் பக்கத்தில்தான் வந்தது. சிவப்புச் சாயம் வேர்வையில் கரைந்து அவர் முழங்கால்வரை வழிந்திருந்தது. விழுந்தார். எழுந்தார். அம்மாவைப் பார்த்தார். அப்புறம் ஸ்பீக்கரில் ஒரு குரல் இடி மாதிரி இறங்கியது.

"ஏய், அங்கே யார்? உன்னைத்தான். இங்கே வா. இந்தச் சிலுவையைப் பிடி."

அது லியோவின் குரல். ஒரு கணம் பக்கத்தில் இருப்பவன்தான் கத்துகிறானோ என்று திரும்பினாள். அவன் வாயை மூடிக்கொண்டு பாதையையே பார்த்துக்கொண்டிருந்தான். பதிவு செய்தது அவன் நன்றாக இருந்த காலத்தில், வேஷம் போடுகிற ஆள் மாறினாலும் குரலை மாற்றவில்லை. பாதையில் வேறு யாரோ ஒரு பையன் அட்டைக் கவசம் போட்டுக்கொண்டு வாயசைத்தான். கூட்டத்துக்குள்ளிருந்து தலைப்பாகை கட்டின ஒருவரை இழுத்துப் போட்டார்கள். சீமோன். சிரேன் ஊர்க்காரன், வயலிலிருந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவன். தவக்காலத்து வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதையில் இந்த ஐந்தாம் ஸ்தலத்துக்கு வந்து முழங்காலில் இருக்கும்போது, பாதி வந்தாச்சா, இன்னும் எத்தனை இருக்கு என்றுதான் நினைப்பாள். அந்த ஆளைப் பற்றி நினைத்ததே இல்லை. மற்ற எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள், சீடர்கள், பெண்கள், யூதர்கள், சேவகர்கள். இவன் ஒருவன்தான் வேறு வேலையாகப் போனவன். வீட்டில் பெண்சாதி தண்ணீர் சுடவைத்துக் காத்திருந்திருப்பாள். தோளைப் பார்த்திருப்பார்கள், நல்ல தோள், இவன் தாங்குவான், பொருந்துகிறது. பிடி. அவனுக்கு மனசு இருந்ததா இல்லையா என்று எந்தச் சாமியாரும் பிரசங்கத்தில் சொன்னதில்லை. நன்றியோடு சுமந்தான் என்பார்கள். அவனுக்கு என்ன நன்றி. பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்து, யாருக்கும் தெரியாது, போய்விடு என்று சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பான். அப்படிச் சொல்ல அங்கே யாருமில்லை, சாட்டைதான் இருந்தது. அந்தக் குரல் மறுபடி, "ம்ம், நட" என்றது. தம்பியின் குரல்தான், எவ்வளவு பலம் அந்தக் குரலுக்கு, எங்கே போயிற்று அது. சீமோனாக நடித்தவர் வயசானவர், நிஜமாகவே மூச்சு வாங்கினார். பாரம் அட்டையில்லை, சவுக்குமரம். லியோ தலையைக் குனிந்துகொண்டான். அவன் காது சிவந்திருந்தது.

சிலுவையை நிறுத்தி ஆணி அடித்தபோது ஸ்பீக்கரில் சுத்தியல் சத்தம் மைதானச் சுவரில் மோதித் திரும்பியது. பவுலின் அதற்கும் எழவில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே தொங்கியவர் தாகம் என்றார். பக்கத்தில் லியோ மெல்லச் சிரித்தான். ஜெசிந்தாவின் பக்கம் சாய்ந்து, ஒரு வருஷம் அந்தக் கோலில் கடற்பஞ்சைக் கட்டி நீட்டியது அவன்தான் என்றும், பாவமே என்று காடிக்குப் பதிலாக எலுமிச்சைச் சாறு நனைத்துக் கொடுத்தானாம், சிலுவையில் இருந்தவர் இன்னொரு தடவை கொடு என்று முணுமுணுத்தாராம் என்றும் சொன்னான். அவன் உதடு பாளம் பாளமாக வெடித்திருந்தது. நாக்கால் தடவினான், நாக்கிலும் ஈரமில்லை. அப்புறம் சிரிப்பு போய், அக்கா, ஒரு மடக்கு என்றான். அவள் மடியில் பையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. அவனுக்கு முன்னால் குடிக்க மனசு வராமல் இதுவரை அவளும் குடிக்கவில்லை. இன்றைய பங்கு தீர்ந்துவிட்டது என்று ஆட்டோவிலேயே பவுலின் சொல்லியிருந்தாள். அவள் தலையோ இவள் தோளில், ஒரு குழந்தைத் தூக்கம். எழுப்பிக் கேட்கலாமா. கேட்டால் கூடாது என்பாள், சொல்லிவிட்டு ராத்திரியெல்லாம் அழுவாள். ஜெசிந்தா தோளை அசைக்காமல் பாட்டிலைத் திறந்து மூடியில் ஊற்றிக் கொடுத்தாள். மூடியளவு தண்ணீர். அவன் அதை வாயில் விட்டு விழுங்காமல் வைத்திருந்தான். கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தி, கண்ணை மூடி, மேடையில் வானம் இருண்டு இடி முழங்கும்வரை வைத்திருந்தான். அப்புறம்தான் தொண்டை ஏறி இறங்கியது. இவ்வளவுதானா, ஒரு மனுஷனுக்கு வேண்டியது இவ்வளவுதானா என்று நினைத்தபோதுதான் அவளுக்குக் கண் கலங்கியது, சாட்டையடிக்குக் கலங்காதது.

மூடியைத் திருப்பிக் கொடுக்கும்போது அவன், டாக்டரம்மா உன்கிட்ட தனியாப் பேசினாங்களா என்று கேட்டான். ஜெசிந்தா, என்ன பேசினாங்க என்று தெரியாதது போலக் கேட்டாள். அவன் சிலுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"வேண்டாம்னா யாருக்கும் தெரியாமப் பாத்துக்கிறேன்னு சொல்லியிருப்பாங்க. நான்தான்க்கா சொல்லச் சொன்னேன்."

அவளுக்கு முதலில் கோபம்தான் வந்தது. பத்து நாள். பத்து நாளாகத் திருடியைப் போல அந்தக் கதவைச் சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு தடவையும் தன்னையே அருவருத்து, பாவசங்கீர்த்தனத்துக்குக்கூடப் போகாமல் ஈஸ்டர் பூசையில் நன்மை அப்பம் வாங்கியிருக்கிறாள், இவன் திறந்துவைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஏன்டா என்றாள். குரல் உயர்ந்துவிட்டதா என்று பவுலினைப் பார்த்தாள், அவள் அசையவில்லை.

"நீ எதுக்கும் வேண்டாம்னு சொன்னதில்ல. என்னைத் தூக்கிட்டே திரிஞ்சே, பத்தாவதோட நிறுத்தினாங்க, சரின்னே. மாமாவ மாப்பிள்ளையாப் பாத்தாங்க, சரின்னே. இதுக்கும் சரின்னுதான் சொல்லுவே. ஒரு தடவையாவது உனக்கு வேண்டாம்னு சொல்ல வழி இருக்கணும்ல."

அவ்வளவு பேசியதற்கே மூச்சு வாங்கியது.  மேடையில் அம்மாவின் மடியில் மகனைக் கிடத்தினார்கள், கூட்டம் அமைதியாக இருந்தது, எங்கேயோ ஒரு கைக்குழந்தை மட்டும் அழுதது. அப்படியானால் கதவு நிஜமாகவே திறந்துதான் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் யாரும் ஒளிந்து நின்று பார்க்கவில்லை. போகலாம். அவனே போ என்கிறான். இதுவரை அந்தக் கதவைப் பார்த்தாளே தவிர, போனால் எப்படி இருக்கும் என்று முழுதாக ஒரு தடவையும் நினைத்துப் பார்க்கவில்லை. இப்போது நினைத்துப் பார்த்தாள். நாளைக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள், வேண்டாம் என்கிறாள், வெளியே வருகிறாள், பஸ் ஏறுகிறாள். அங்கன்வாடி. சுமித்ரா மடியில் ஏறுகிறது. சாயங்காலம் கறிவேப்பிலை வாங்குகிறாள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த வருஷம் ஈஸ்டருக்கு இதே மைதானம், இதே குரல் ஸ்பீக்கரில், ஏய் அங்கே யார் என்று கூப்பிடுகிறது, வலதுபக்கத்து நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே வந்ததும் நின்றது. அதற்கு மேல் அவளால் போக முடியவில்லை. தைரியம் ஒன்றும் வரவில்லை, பயம் அப்படியே இருந்தது, விளக்குகள் ஓடுகிற பயம், மூக்குத்தி கழலாத பயம். ஆனால் முதல் தடவையாக யாரும் தள்ளவில்லை. பயமா இருக்குடா என்றாள். எனக்கும்தான் என்றான் லியோ, உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் எப்படி இருக்கிறது, அதை நினைச்சாத்தான் தூக்கம் வரமாட்டேங்குது. சரி விடு என்றாள் அவள். நாளைக்கு வர்றேன், நானாத்தான் வர்றேன். அவன் வெடித்த உதட்டைக் கடித்துக்கொண்டு மேடையையே பார்த்திருந்தான்.

கல்லறை பட்டென்று திறந்து புகை வந்து வாணவேடிக்கை வெடித்தபோது பவுலின் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு, சிலுவையில ஏத்திட்டாங்களா அண்ணி என்று கேட்டாள். லியோ, உயிர்த்தே எழுந்தாச்சு என்றான். அவளுக்கு வெட்கமாகிவிட்டது, ஜெசிந்தாவின் தோளில் கசங்கின சேலையை நீவிவிட்டாள். அல்லேலூயா பாடிக்கொண்டே கூட்டம் கலைந்தது. வேஷக்காரர்கள் சிலர் சாயத்தோடு ஓடிவந்து மாஸ்டர், மாஸ்டர் என்று லியோவைச் சுற்றி நின்றார்கள், பெண்கள் இருவரும் காம்பவுண்டுச் சுவரோரமாக ஒதுங்கினார்கள். ஜெசிந்தா நேராகப் பார்க்காமல், நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வர்றேன் பவுலின், சரின்னு சொல்லப்போறேன் என்றாள். பவுலின் கழுத்துச் செயினைப் பல்லில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்து நின்றாள். அப்புறம், நான் உங்களைக் கேக்கவே இல்லையே அண்ணி என்றாள், கேட்டுருவேனோன்னு பயந்துதான் உங்க முகத்தப் பாக்காம இருந்தேன். கேட்கிறதற்கு வாய் வராமல்தான் அந்தச் சாசரை எங்கேயிருந்தோ தேடி எடுத்தாளா இவள், துடைக்க ஒன்றுமில்லாத நாற்காலியைத் துடைத்தாளா. ஜெசிந்தா அவளைப் பார்த்தாள். தூக்கத்தில் கன்னத்தில் சேலை மடிப்பு பதிந்த முகம், அதில் கண்ணீர் கோணலாக இறங்கியது. ஸ்தனிஸ்லாஸ் அண்ணன் என்ன சொன்னாங்க என்று பவுலின் கேட்டாள். முடிவ இன்னும் அவர்கிட்ட சொல்லல, போய்த்தான் சொல்லணும் என்றாள் ஜெசிந்தா. சொன்னால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பார். படுக்கட்டும். காலையில் எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு கூட வருவாரா, வரமாட்டாரா, அதை இப்போது நினைக்க உடம்பில் தெம்பில்லை. லியோ வந்து சேர்ந்தான். சாலையில் பஸ்ஸும் மோட்டார் சைக்கிளும் விடாமல் போய்க்கொண்டிருந்தன. பவுலின் சட்டென்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு குறுக்கே இறங்கினாள், காய்த்த விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன, எதிர்ப்பக்கம் வந்து ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் விடவில்லை. முதல்ல பொன்மலை போங்க, அக்காவ இறக்கிவிட்டுட்டுப் போகலாம் என்று லியோ டிரைவரிடம் சொன்னான்.

"நானும் அங்க இறங்குறேன்" என்றாள் பவுலின். "அண்ணன்கிட்ட நான் கேக்கணும்."